ஏழாம் லைனில் வியாழக்கிழமை

நான் ஒட்டுக்கேட்டேன் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? டோரிங்போர்ட் தபால் நிலையத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருப்பவள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டா உட்கார முடியும்? லைன் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. சில லைன்களை அடிக்கடி பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அதிலும் ஏழாம் லைன். ஒரே கம்பியில் ஐந்து ஆட்டுப் பண்ணைகள். ஒரு வீட்டுக்கு மணி அடித்தால் ஐந்து வீட்டிலும் அடிக்கும். நீள மணி எத்தனை, குட்டை மணி எத்தனை என்று கேட்டு, யாருக்கு என்று தெரிந்துகொள்ள வேண்டும். நமக்கு இல்லை என்று தெரிந்தவுடன் ரிசீவரை எடுப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். கம்பளி விலை, பிரசவம், பங்காளிச் சண்டை எல்லாமே பொதுச்சொத்து. ஆனால் அதற்கு ஒரு அபராதமும் இருந்தது. எத்தனை பேர் ரிசீவரை எடுக்கிறார்களோ அத்தனைக்குப் பேசுகிறவரின் குரல் தேய்ந்துபோகும். ஐந்து வீடும் எடுத்துவிட்டால் கம்பியின் கடைசியில் இருக்கிறவனுக்குக் கொசு ரீங்காரம்தான்.

கம்பியின் தொடக்கத்தில் இருந்தது ஃபெர்மாக் வீடு. அங்கே கெசீனாவும் அவள் அப்பா கிதியோன் மாமாவும். அம்மா போனபிறகு வீட்டைத் தாங்கியவள் கெசீனா. முப்பது கடந்தும் கல்யாணம் ஆகாதவள். அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குரல்! ஆண்டவர் முகத்தில் மிச்சம் பிடித்ததையெல்லாம் தொண்டையில் போட்டுவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் ரயில்வே பஸ் அவர்கள் வாசலில் தபால் பையைப் போட்டுவிட்டுப் போகும். பையில் ‘ஹார்ட்ஃபூர்’ இருக்கும். கணப்பு நெருப்பு என்று பெயர் வைத்த வாரப் பத்திரிகை. மத்தியானக் காபிக்குப் பிறகு கெசீனா ஒரு நீள மணி அடிப்பாள். எல்லா வீட்டிலும் ரிசீவர் ஏறும். அந்த வாரத் தொடர்கதையை அவள் லைனில் படிப்பாள்.

இதென்ன கூத்து என்று கேட்பீர்கள். வறட்சி வந்த வருஷங்களில் மற்ற நாலு வீட்டிலும் சந்தாவை நிறுத்தினார்கள். வறட்சி போயிற்று, சந்தா திரும்பவில்லை. ஓசியில் படிக்கிற சுகம் கண்டுவிட்டார்கள். கெசீனா வீட்டுப் பிரதி ஃபான் எஸ்டர்ஹாயிஸ் வீட்டுக்குப் போகும். அங்கிருந்து நோடே சகோதரர்களுக்கு, பிறகு ஹெஸ்டர் அத்தைக்கு, கடைசியில் டீல்மன் ரூட்டுக்கு. அவன் கைக்குப் போகும்போது ஒரு மாதத்துக்கு மேல் ஆகி, அட்டையில் நாலு வீட்டுக் காபிக் கறையும் இருக்கும். சமையல் குறிப்பு காத்திருக்கும். டாக்டர் பதில் காத்திருக்கும். தொடர்கதை காத்திருக்குமா?

அந்தப் பத்திரிகையை நீங்கள் லேசாக நினைக்க வேண்டாம். என் அப்பா பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் தேவாலயத்தில் டச்சும் படித்தவர். வீட்டில் பேசுகிற பேச்சுக்கு எழுத்து உண்டு என்றே அவருக்குத் தெரியாது. முதல் உலகப்போர் நடந்த சமயத்தில் யாரோ ஒரு ‘ஹார்ட்ஃபூர்’ கொண்டுவந்து கொடுத்தார்களாம். படித்துவிட்டு அம்மாவிடம் ஓடிப்போய், “நாம மாட்டை அதட்டுற பாஷையில புஸ்தகம் போட்டிருக்கான்டி!” என்று காட்டினாராம். அப்போது மாதம் ஒன்று. பிறகு வாரம் ஒன்று. நான் குமரியாக இருந்தபோது அதில் மணப்பெண் படங்கள் வரத் தொடங்கின. என் படமும் வந்தது, மூக்கு மட்டும் கறுப்பாக விழுந்துவிட்டது. ஸ்வெட்டர் பின்னல், பிள்ளைக்கு மாந்தம், சம்மந்திக்குக் கடிதம் எழுதுவது எப்படி, எல்லாம் அதைப் பார்த்துத்தான். ஹெஸ்டர் அத்தையின் சமையல்கட்டில் வேலை செய்த சியேனாவும் அதே பாஷைக்காரிதான். வியாழக்கிழமை பாத்திரத்தைப் போட்டுவிட்டு அத்தையின் தோளோரம் வந்து நின்று கேட்பாள். அவளைப் போன்ற பழுப்பு நிறத்தவர்களின் முகம் அந்தக் காலத்தில் அந்தப் பத்திரிகையில் வரவே வராது. கதைக்கு அழுவதற்கு மட்டும் அவளும் உண்டு.

கெசீனா குதிரையை விரட்டுகிறவள் மாதிரி கத்திப் படிப்பாள். “இன்னும் கொஞ்சம் சத்தமா படிடி” என்பாள் ஹெஸ்டர் அத்தை. அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும். கெசீனா கத்தியது அத்தைக்காக இல்லை, கம்பி முடிகிற இடத்துக்காக. அது எனக்குத் தெரியும்.

டீல்மன் ரிசீவரை எடுத்தால் கூடவே அவன் வீட்டுக் காற்றாலையின் கிறீச் சத்தமும் வரும். அதைத் தவிர அவனிடமிருந்து ஒரு சத்தமும் வராது. நாற்பது வயது, தனிக்கட்டை, நல்ல ஆட்டு மந்தை, சுத்தமான சட்டை. வாய் மட்டும் ஆண்டவர் வைக்க மறந்தது. ஒரு தடவை கிடா இரவல் கேட்க ஃபெர்மாக் வீட்டுக்கு வந்தான். கெசீனா காபி கொடுத்தாள். இன்னொன்று கொடுத்தாள். மூன்றாவதும் குடித்தான். கடைசியில் எழுந்து, “மழை வரும்போல இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். கிடாவைக் கேட்கவே இல்லை. அதற்குப் பிறகு மூன்று கோடை போயிற்று, கல்லுளிமங்கன் ஒருநாளும் வரவில்லை. ஆனால் ஒரு வியாழக்கிழமைகூட அந்தக் காற்றாலைச் சத்தம் வராமல் இருந்ததில்லை.

அந்த வருஷம் ஜனவரி தாண்டி, எங்கள் பக்கத்துக் கோடை உச்சத்தில், போர்ட் எலிசபெத்திலிருந்து கெசீனாவின் அண்ணன் பேசினான். நான்தான் இணைத்தேன். ஈஸ்டர் முடிந்ததும் பண்ணையைக் குத்தகைக்கு விடப்போகிறானாம். அப்பாவையும் அவளையும் தன்னோடு கூட்டிப்போவானாம். அவன் பெண்டாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் ஒத்தாசையாக இருக்குமாம்.

அவன் வைத்ததும் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

“கேட்டியாக்கா?”

“நான் எங்க கேட்டேன்? சொல்லு.”

“கடைசி வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னா நான் இங்கயே இருந்துடுவேன். அப்பா மட்டும் போகட்டும். அண்ணன் இருக்கான்ல.”

“அவன் வாயில கொழுக்கட்டைடி. நீயே கேட்டுடேன்.”

“எப்படிக்கா? அத்தனை காது இருக்கு லைன்ல. இல்லன்னு சொல்லிட்டா? அந்த வெக்கத்தோட நான் எந்த ஊருக்குப் போவேன்?”

நேரில் போ என்றும் சொல்ல முடியாது. ஆண் ஒருவன் வீட்டுக்குப் பெண் தானாக வண்டி கட்டிப் போவது அன்றைக்கு எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம்.

அப்போது ஓடிக்கொண்டிருந்த தொடர்கதை எங்கள் எல்லாரையும் ஆட்டிப்படைத்தது. எல்சபி என்று ஒரு பள்ளி ஆசிரியை. கிணறு தோண்ட வந்த ஒருவன்மேல் அவளுக்கு ஆசை. அவனும் பேசமாட்டான். அவள் ஊரைவிட்டுப் போவாளா, இருப்பாளா என்று மாதக்கணக்கில் இழுத்தார்கள். அந்த வியாழக்கிழமை முடிவு வர வேண்டும். புதன்கிழமை மேலே எங்கோ மழை பெய்து ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டது.

பஸ் ரயில் நிலையத்தைவிட்டே கிளம்பவில்லை. அந்தச் சேதி என் வழியாகத்தான் போயிற்று. என்னைத் தவிர ஏழாம் லைனில் யாருக்கும் தெரியாது. மத்தியானம் ஏழாம் லைனில் நாலு வீடும் ரிசீவரை எடுத்துக்கொண்டு காத்திருந்தது.

“புஸ்தகம் வந்திருக்காது. ஆத்துல வெள்ளம் வந்துடுச்சே” என்றான் ஃபான்.

“வந்துடுச்சு ஃபான் அண்ணா” என்றாள் கெசீனா. “வெள்ளம் வர்றதுக்கு முன்னாடியே பஸ் தாண்டிடுச்சு.”

பொய் சொல்கிறாள். அவள் கையில் ஒன்றும் இல்லை.

அவள் படித்தாள். ரயிலடியில் எல்சபி பெட்டியோடு நின்றாள். வண்டி வந்தது. அவள் ஏறவில்லை. பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு நடந்தாள். குன்றின்மேல் அவன் வீடு. வாசலில் கிறீச்சிடும் ஒரு காற்றாலை. அந்தக் கதையில் அதுவரை காற்றாலையே கிடையாது; கிணறு தோண்டுகிறவனுக்கு வீடும் கிடையாது, கூடாரம்தான். எல்சபி அவன் முன்னால் போய் நின்று பேசினாள். அந்த இடத்தில் கெசீனாவின் கத்தல் போய்விட்டது. குரல் இறங்கிற்று.

“நீங்க பேசாம இருக்கறதை நான் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கேன். அதுவே எனக்குப் போதும்னு நெனச்சேன். போதல. நீங்க எங்க வீட்டுக்கு வந்தா மெழுகுவத்தி ஏத்தி வெப்பேன். கட்டையானது இல்ல. இருக்கறதுலயே நீளமானது.”

எங்கள் பாட்டன் காலத்து வழக்கம் அது. பெண்ணைப் பார்க்க வந்தவன் மெழுகுவர்த்தி எரிகிற வரைக்கும் உட்காரலாம். பிடிக்காதவனுக்குக் கட்டை மெழுகுவர்த்தி வைப்பார்கள்.

பிறகு ஹெஸ்டர் அத்தை மூக்கைச் சிந்தினாள். “இப்படித்தான் முடியணும். எழுதினவன் நல்லா இருக்கட்டும்” என்றாள். காற்றாலை நாலு தடவை கிறீச்சிட்டது. பிறகு டீல்மனும் வைத்துவிட்டான்.

எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போகிற நாளான சனிக்கிழமை அவன் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. கதையென்று நினைத்துவிட்டானோ, குரல் இறங்கியதில் கேட்கவே இல்லையோ, யாருக்குத் தெரியும்? வெள்ளம் வடிந்து நிஜமான ‘ஹார்ட்ஃபூர்’ வந்து சேர்ந்தது. அதில் எல்சபி ரயிலேறிப் போய்விட்டாள். கிணறு தோண்டுகிறவன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான், முற்றும்.

“எரிச்சுடவாக்கா?” என்று கேட்டாள் கெசீனா. “ஃபான் அண்ணா பார்த்தா ஊரே சிரிக்கும்.”

“எரிச்சா அவன் எப்பவும் கதைன்னுதான் நெனச்சுக்கிட்டு இருப்பான். இது அவன் கைக்குப் போனாத்தான் அந்த வார்த்தை யாரோடதுன்னு அவனுக்குப் புரியும். அனுப்பு.”

“நடுவுல மூணு வீடு இருக்கே.”

“சிரிச்சா சிரிக்கட்டும். ஈஸ்டருக்கு அப்புறம் நீ இங்க இருந்தாத்தானே அவங்க சிரிப்பு உனக்குக் கேக்கும்?”

கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். அவள் அனுப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. ஃபான் ஒரு பிரதியைப் பத்து நாள் வைத்திருக்கிறவன். மறுநாளே குதிரையேறி நோடே வீட்டில் கொடுத்துவிட்டு வந்தான். நோடே சகோதரர்கள் விளம்பரத்தைக்கூட எழுத்துக்கூட்டிப் படிக்கிற கிழவர்கள். அவர்களும் இரண்டு நாளில் ஹெஸ்டர் அத்தைக்கு அனுப்பிவிட்டார்கள். முடிவு வேறாக இருக்கிறதே என்று லைனில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஏழாம் லைனில் ஒரு சேதி கிடைத்து அது சொல்லப்படாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. வியாழக்கிழமை புதுத் தொடர் தொடங்கியது. கெசீனா படித்தாள். எல்லாரும் கேட்டார்கள். “நல்லா இருக்கும்மா” என்றான் ஃபான், கூடப்பிறந்தவளிடம் சொல்வதுபோல.

அத்தை வீட்டில்தான் எனக்குப் பயம். பிரதி கடைசி வீட்டுக்குப் போகும்வரை கத்திரிக்கோல் வைக்கக்கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம். ஹெஸ்டர் அத்தை அதை மதித்ததே இல்லை. பின்னல், கேக், ஊறுகாய் என்று எது கண்ணில் பட்டாலும் வெட்டிவிடுவாள். டீல்மனுக்குப் போகிற பிரதிகளில் ஜன்னல் ஜன்னலாக இருக்கும்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், ஒரு காலை நேரம். கெசீனா பெட்டி கட்டிவிட்டாள். ஏழாம் லைனில் மணி அடித்தது. இரண்டு நீளம், ஒரு குட்டை: கெசீனாவின் மணி. லைனில் கேட்க நான் பிளக்கைச் சொருகினேன். ரிசீவர்கள் ஏறின. அப்புறம் காற்றாலைச் சத்தம்.

“கெசீனாவா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தனை வருஷத்தில் அவன் குரல் இப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது.

“ஆமா. யாரு?” என்றாள் அவள். பாவி, யாரென்று கேட்கிறாள்!

“டீல்மன்.”

“சொல்லுங்க.”

“மழை வரும்போல இருக்கு.”

போர்டில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

“வரட்டும்” என்றாள் கெசீனா.

“புஸ்தகம் வந்துச்சு. கதையோட கடைசிப் பக்கம் அதுல இல்ல. யாரோ வெட்டியிருக்காங்க.”

“நான் வெட்டல!” ஹெஸ்டர் அத்தை அலறினாள். “பைபிள் மேல சத்தியமா இந்தத் தடவை நான் வெட்டல!”

“நீங்க வெட்டாம, ஆடா வந்து மேஞ்சுது?” என்றான் ஃபான். “கிறிஸ்மஸ் இதழ்ல பாதி உங்க சமையல்கட்டுச் சுவத்துலதான் ஒட்டியிருக்கு அத்தை.”

“உன் வாயில மண்ணு!”

“அன்னிக்கு நீங்க படிச்சப்போ,” டீல்மன் விடாமல் சொன்னான், “கடைசியில குரல் இறங்கிடுச்சு. எனக்குப் பாதிதான் கேட்டுச்சு. இன்னொரு தரம் சொல்றீங்களா?”

சண்டை நின்றுவிட்டது. லைனில் இருந்த எல்லாருக்கும் தெரியும், படிக்க அவளிடம் ஒன்றும் இல்லை. கெசீனா ஏதோ சொன்னாள்.

“என்ன? கேக்கலங்க.”

திரும்பவும் சொன்னாள்.

“கேக்கலங்க.” அவன் குரலே அழுகிற மாதிரி ஆகிவிட்டது.

கதையைக் கத்திப் படிக்கலாம். இதைக் கத்திச் சொல்ல முடியாது. இத்தனை காதுகள் உறிஞ்சியது போக அவனுக்கு எப்படிப் போய்ச் சேரும்? எனக்கு வந்தது கோபம். லைனில் பேச எனக்கு அனுமதி கிடையாது, வேலையே போகும். போகட்டும்.

“வைங்க எல்லாரும்!” என்று கத்தினேன். “ஃபான், நீ முதல்ல வை. நோடே மாமா, ரெண்டு பேரும் ஒரே ரிசீவர்ல தலைய ஒட்டிக்கிட்டு நிக்கிறது எனக்குத் தெரியும். வைங்க. ஹெஸ்டர் அத்தை!”

ஃபான் வைத்தான். நோடே வீட்டில் வைத்தார்கள். ஒவ்வொன்று இறங்க இறங்க அந்தக் காற்றாலைச் சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. அத்தை மட்டும் வைக்கவில்லை.

“நான் வெட்டலன்னு அவன்கிட்ட சொல்லிடு ட்ரீக்கா.”

“சொல்றேன். வைங்க அத்தை, உங்களுக்குப் புண்ணியமா போகும்.”

பெருமூச்சு விட்டு அவளும் வைத்தாள். மிச்சம் நான். என் காதும் ஒரு காதுதானே.

என் புருஷன் போனபிறகு எனக்கென்று ஒரு மணி அடித்ததில்லை. இந்த ஊரின் ஆசை, சண்டை, சமாதானம் எல்லாம் என் விரல் வழியாகத்தான் போயின. ஒன்றும் என்னிடம் தங்கவில்லை. இந்த ஒன்றையாவது கேட்டுக்கொள்கிறேனே என்று மனசு கெஞ்சிற்று. எதைக் கேட்க இத்தனை வருஷம் காத்திருந்தேனோ அது வரப்போகிறது. பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்ற லைன்கள் கூப்பிட்டதற்குக்கூடப் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

வெகுநேரம் கழித்துக் கெசீனா கூப்பிட்டாள்.

“கேட்டியாக்கா?”

“இல்ல.”

“பொய் சொல்லாத.”

“என் புருஷன் கல்லறை மேல சத்தியம். பிளக்கைப் பிடுங்கிட்டேன்.”

அவள் அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. “கதையோட அந்தக் கடைசிப் பக்கம் அவர்கிட்டதான் இருக்குக்கா. புஸ்தகம் முழுசாதான் வந்துச்சாம். படிச்சதும் புரிஞ்சுடுச்சாம். என்னைக் கூப்பிட ஒரு சாக்கு வேணும்னு அவரே வெட்டி, சட்டைப் பையில வெச்சிருக்காரு.”

“அப்புறம்? என்ன சொன்னாரு?”

“சனிக்கிழமை வர்றாரு. பெட்டியை அவுத்துட்டேன்.”

“அது சரி. என்ன சொன்னாருன்னு கேட்டேன்.”

“அது உனக்கு இல்லக்கா” என்றாள். அன்பாகத்தான் சொன்னாள்.

அவள் வைத்த கையோடு ஹெஸ்டர் அத்தை.

“சொல்லு.”

“எனக்குத் தெரியாது அத்தை.”

“தெரியாதா! என் பேரு நாறிக்கிடக்கு, இவளுக்குத் தெரியாதாம். யாரு வெட்டினான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். என் கைக்கு வந்தப்போ பக்கம் முழுசா இருந்துச்சு. பின்பக்கம் மோர் ரஸ்க் செய்முறை. கை அரிச்சுது, ஆனாலும் வெட்டல. அந்தப் பொண்ணுக்காக வெட்டல. சியேனா சாட்சி. நானே வண்டி கட்டிக்கிட்டுப் போய் அவன் கையில குடுத்தேன், அவன் கையில…”

நின்றுவிட்டாள்.

“ஓ” என்றாள்.

அத்தைக்கு விளங்கிவிட்டது.

“ட்ரீக்கா.”

“ம்.”

“நான்தான் வெட்டினேன். மோர் ரஸ்க்குக்கு ஆசைப்பட்டு வெட்டிட்டேன். ஃபான் கேட்டா அப்படியே சொல்லு. யாரு கேட்டாலும் அப்படியே சொல்லு.”

“சரி அத்தை.”

வைப்பாள் என்று பார்த்தேன். வைக்கவில்லை.

“கிதியோன் போயிட்டா சந்தாவும் போயிடும். அவ அங்க கடைசி வீட்டுக்குப் போயிடுவா. வியாழக்கிழமை நமக்கு யாரு படிப்பா?”

“யாரும் இல்ல அத்தை,” என்றேன். “அவளுக்கு இனிமே கத்திப் படிக்க வேண்டியதில்லையே.”